ஆராய்ச்சிக்கு உதவி கேட்கும் விண்ணப்பத்தை எப்படி நிதானிப்பது?
சிறுநீரக நோயாளிகளின் செவிலியப் பணியை முன்வைத்து ஒரு பாடம்



நாம் கொடுக்கும் காணிக்கையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிகிற காரியங்களுக்குப் போகிறது. ஒரு கட்டில், ஒரு இயந்திரம், ஏழை நோயாளி ஒருவருக்குப் பத்து முறை டயாலிசிஸ் என்று அதை எண்ணிச் சொல்லலாம். சில நேரங்களில் வேறு விதமான கோரிக்கையும் வருகிறது. “எங்கள் டயாலிசிஸ் பிரிவில் ஒரு ஆராய்ச்சி செய்ய விரும்புகிறோம். அதற்கு இவ்வளவு தொகை தேவைப்படுகிறது” என்று செவிலியர் ஒருவர் எழுதுகிறார். கொடுப்போரின் சார்பில் குழுவில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரும், வங்கி அலுவலரும், பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவியும் தாள்களைப் புரட்டிப் பார்க்கிறார்கள். “இது படித்தவர்கள் காரியம், டாக்டர் சரியென்றால் சரிதான்” என்று கையெழுத்துப் போட்டுவிடுவதும் உண்டு. “பணத்தை ஆராய்ச்சியில் போடுவானேன், நோயாளிக்கே கொடுத்துவிடலாமே” என்று தள்ளிவிடுவதும் உண்டு.

இந்த இரண்டும் அவசர முடிவுகள். நல்ல ஆராய்ச்சியைத் தள்ளினால், தவறான பழக்கம் ஒன்று பல வருடங்கள் நோயாளியின் உடம்பில் தொடரும். மோசமான ஆராய்ச்சிக்குக் கொடுத்தாலோ, பணம் போவதோடு நோயாளியின் நேரமும் இரத்தமும் நம்பிக்கையும் வீணாகும். இரண்டையும் பிரித்தறிய டாக்டர் பட்டம் தேவையில்லை. நோயாளியின் நாற்காலியில் நம்மை உட்காரவைத்து, சில நேரான கேள்விகளைக் கேட்டால் போதும். அந்தக் கேள்விகளைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம்.

1. செவிலியருக்கு ஆராய்ச்சி எதற்கு?

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துபோனவருக்கு இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிப்பதே ஹீமோடயாலிசிஸ். பொதுவான முறைப்படி வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். நம் நாட்டில் பணக் கஷ்டத்தினால் வாரம் இரண்டு முறை மட்டுமே செய்துகொள்கிறவர்கள் அநேகர். இரத்தத்தை வெளியே எடுக்க ஒரு ஊசி, திரும்பச் செலுத்த ஒரு ஊசி என்று ஒவ்வொரு முறையும் இரண்டு தடித்த ஊசிகள் குத்தப்படுகின்றன. வாரம் மூன்று முறை என்றால் வருடத்துக்கு 156 தடவை, அதாவது 312 ஊசிகள்.

இந்த நோயாளியை டாக்டர் பார்ப்பது சில நிமிடங்களே. எடை பார்ப்பது, ஊசி போடுவது, இரத்த அழுத்தம் விழுகிறதா என்று கவனிப்பது, கால் தசை பிடித்துக்கொண்டால் ஓடி வருவது, “இந்த முறை ஏன் அண்ணா நாலு கிலோ ஏறிவிட்டது?” என்று கேட்பது எல்லாம் செவிலியரே. எனவே ஊசியை எங்கே போடுவது, தாகத்தை எப்படி அடக்கச் சொல்லிக்கொடுப்பது, கிருமி தொற்றாமல் எப்படிக் காப்பது போன்ற கேள்விகள் அவர்கள் கையில்தான் பிறக்கின்றன. 1946-ல் வேலூரிலும் டெல்லியிலும் செவிலியருக்குப் பட்டப்படிப்பு தொடங்கிய நாளிலிருந்து, அப்படிப்பட்ட கேள்விகளுக்கு முறையாக விடை தேடும் பயிற்சியும் நம் நாட்டுச் செவிலியருக்குப் படிப்படியாகக் கிடைத்துவந்திருக்கிறது.

2. நல்லதாகத் தோன்றியது எல்லாம் நல்லதல்ல

ஆராய்ச்சியின் அவசியத்தை ஒரு உண்மைச் சம்பவத்தால் விளங்கிக்கொள்வோம். டயாலிசிஸ் நோயாளியின் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அறுவை சிகிச்சையால் இணைத்துவிடுவார்கள். அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். அழுத்தமான இரத்த ஓட்டத்தால் சிரை தடித்து, ஊசி தாங்கும் வலிமை பெறுகிறது. நோயாளிக்கு அது உயிர்நாடி. வழக்கமாக ஒவ்வொரு முறையும் ஊசியின் இடத்தைச் சற்று மேலும் கீழுமாக மாற்றிக் குத்துவார்கள். இதைக் கயிற்றேணி முறை என்பார்கள்.

1970-களில் போலந்து நாட்டு மருத்துவர் ட்வார்டோவ்ஸ்கி வேறொரு வழியைக் காட்டினார். ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் காது குத்திய துளை போல ஒரு பாதை உண்டாகும். பிறகு மழுங்கிய ஊசியையே அதில் செலுத்தலாம். இதற்குப் பொத்தான் துளை முறை என்று பெயர். கூர்மையில்லாத ஊசி என்றால் வலி குறையத்தானே வேண்டும்? பல நாடுகளில் செவிலியர் இதை ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டார்கள்.

கனடா நாட்டில் 140 நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரு பிரிவாக்கி, இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. இரண்டு பிரிவினரும் சொன்ன வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பொத்தான் துளை முறையில் இரத்தக் கட்டு குறைந்திருந்தது உண்மை. ஆனால் ஊசி போட்ட இடத்தில் கிருமித் தொற்றின் அடையாளங்கள் அதிகமாக இருந்தன. துளையின் மேல் படியும் பொருக்கைச் சரியாக நீக்காவிட்டால், அங்கே தங்கும் கிருமி ஊசியோடு நேரே இரத்தத்துக்குள் போய்விட வாய்ப்புண்டு.

நல்ல மனதோடு செய்த காரியமே நோயாளிக்குக் கேடாக முடியலாம் என்பதை இது காட்டுகிறது. யாரோ ஒருவர் பணம் கொடுத்து, யாரோ ஒருவர் முறையாக ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அது தெரியவந்தது. ஆகவே “ஆராய்ச்சிக்கு ஏன் கொடுக்க வேண்டும்?” என்ற கேள்விக்கு, நோயாளியின் கையைக் காப்பதற்காக என்று தைரியமாகப் பதில் சொல்லலாம்.

3. ஒரு மாதிரி விண்ணப்பம்

இனி ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். இது பாடத்துக்காக நாம் கற்பனை செய்தது.

டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்யும் ஒரு செவிலியர் எழுதுகிறார்: “எங்கள் நோயாளிகள் தண்ணீர் அதிகம் குடித்து, எடை கூடி, மூச்சுத் திணறலோடு வருகிறார்கள். உப்பைக் குறைப்பது எப்படி என்று படங்களோடு ஒரு அட்டை தயாரித்து, 60 நோயாளிகளுக்கு ஆறு மாதம் சொல்லிக்கொடுக்கப் போகிறோம். ஜனவரியில் தொடங்குவோம். ஆரம்பத்திலும் முடிவிலும் எடையைப் பார்ப்போம். சில கூடுதல் இரத்தப் பரிசோதனைகளும் செய்வோம். செலவு நான்கு லட்சம் ரூபாய். அதில் ஒரு மடிக்கணினியும், மாநாட்டுக்குப் போய்வரும் செலவும் அடங்கும்.”

இதை எப்படி நிதானிப்பது? அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2025 முதல் தங்களுக்கு வரும் பெரும்பாலான ஆராய்ச்சி விண்ணப்பங்களை மூன்று தலைப்புகளின் கீழ் எடைபோடுகின்றன. இந்த ஆராய்ச்சி முக்கியமானதா? சரியான முறையில் செய்து முடிக்கக்கூடியதா? செய்கிறவர்களுக்குத் தகுதியும் வசதியும் உண்டா? கோடிக்கணக்கான டாலருக்குப் பொருந்தும் கேள்விகள் நம் நான்கு லட்சத்துக்கும் பொருந்தும்.

முதல் கேள்வி: முக்கியமானதா?

ஆம். சிறுநீர் வராதவர் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. அது நுரையீரலில் தேங்கும், இருதயத்தை இளைக்க வைக்கும். நான்கு மணி நேரத்துக்குள் அத்தனையையும் இயந்திரம் இழுக்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து, தசை பிடித்துக்கொள்ளும். “தண்ணீர் குடிக்காதே” என்று அதட்டுவதால் பயன் இல்லை, ஏனென்றால் தாகத்தைத் தூண்டுவது உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் உள்ள நம் சாப்பாட்டில் அந்த அளவு சீக்கிரம் தாண்டிவிடும். ஆகவே கேள்வி நல்ல கேள்வி. விடை கிடைத்தால் மறுநாளே வார்டில் பயன்படுத்தலாம். விலையுயர்ந்த மருந்து எதுவும் தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாதாரண உப்புக்குப் பதிலாகக் கடையில் விற்கும் “சோடியம் குறைந்த உப்பை” உபயோகிக்கச் சொல்லும் விண்ணப்பம் வந்தால் உடனே நிறுத்திக் கேளுங்கள். அவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இருதயம் நின்றுபோகக்கூடும்.

இரண்டாவது கேள்வி: இந்த முறையில் விடை கிடைக்குமா?

இங்கேதான் நம் விண்ணப்பம் தடுமாறுகிறது. ஜனவரியில் தொடங்கி ஆறு மாதம் என்றால் ஜூன் இறுதி. சித்திரை வைகாசி வெயிலில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது? அட்டை நன்றாகப் பயன்பட்டிருந்தாலும், கோடையினால் எடை ஏறி, “பயனில்லை” என்று முடிவு வரலாம். அதையே ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடித்தால், அட்டை ஒன்றுக்கும் உதவாவிட்டாலும் குளிரினால் எடை குறைந்து, “வெற்றி” என்று அறிக்கை வரலாம். அட்டை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒரே காலத்தில் ஒப்பிட்டால்தான் வெயிலின் வேலை எது, அட்டையின் வேலை எது என்று தெரியும்.

யாருக்கு அட்டை என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். செவிலியரே தேர்ந்தெடுத்தால், சொன்னதைக் கேட்கிற நோயாளிக்கே மனது அட்டையைக் கொடுக்கும். ஆனால் பக்கத்து நாற்காலிகளில் இருக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவரும் எட்டிப் பார்ப்பார். ஆகையால் திங்கள்-புதன்-வெள்ளி காலை, செவ்வாய்-வியாழன்-சனி மாலை என்று ஷிப்டு ஷிப்டாகச் சீட்டுப் போடுவது நல்லது. இன்னும் இரண்டு மூன்று மருத்துவமனைகள் சேர்ந்துகொண்டால் முடிவுக்கு உறுதி கூடும்.

60 பேர் போதுமா? ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை தலை விழுவது அதிசயமல்ல. ஆயிரம் முறை சுண்டி எழுநூறு முறை விழுந்தால் நாணயத்திலேயே ஏதோ இருக்கிறது. எதிர்பார்க்கும் வித்தியாசம் சிறியதாக இருந்தால் எண்ணிக்கை பெரியதாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் புள்ளியியல் தெரிந்தவரிடம் கேட்டுப் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். “60 பேர்தான் எங்களிடம் இருக்கிறார்கள்” என்பது நேர்மையான பதில்தான், ஆனால் கணக்கு ஆகாது.

எதை அளக்கிறார்கள்? இரண்டு டயாலிசிஸுக்கு இடையே ஏறும் எடையை ஒவ்வொரு முறையும் எப்படியும் பார்க்கிறார்கள். நோயாளிக்குப் புதிய தொந்தரவு இல்லை. ஆறு மாதத்தில் இரண்டே நாள் பார்ப்பதைவிட, ஒவ்வொரு முறையும் எழுதிய எடைகளின் சராசரியே நம்பத்தக்கது. இன்னும் சிறிது சிறுநீர் போகிறவருக்கு எடை குறைவாகவே ஏறும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டையே குறைத்துக்கொண்டவருக்கும் எடை ஏறாது. அது வெற்றியல்ல, ஆபத்து. அவருடைய ஊட்டம் எப்படி இருக்கிறது என்பதையும் கூடவே பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: செய்யக்கூடியவர்களா? பணம் எங்கே போகிறது?

செவிலியரின் ஆர்வத்தில் குறையில்லை. அவருக்கு வழிகாட்ட அனுபவமுள்ள ஒருவர் உண்டா, உணவு ஆலோசகர் உண்டா என்று கேட்க வேண்டும். செலவுப் பட்டியலைப் பாருங்கள். மடிக்கணினி இருக்கிறது, மாநாடு இருக்கிறது. ஆனால் அறுபது பேருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் இயந்திரத்தை யார் கவனிப்பார்? செவிலிய ஆராய்ச்சியில் உண்மையான செலவு செவிலியரின் நேரமே. பதில் ஆளுக்குச் சம்பளம் போடாத திட்டத்தில், அந்தச் செலவை நோயாளியின் பாதுகாப்பே கட்டவேண்டியிருக்கும். கூடுதல் இரத்தப் பரிசோதனைகளையும் கவனியுங்கள். சிறுநீரக நோயாளிக்கு ஏற்கனவே இரத்தச் சோகை. மாதாந்திரப் பரிசோதனையிலேயே கிடைக்கும் தகவலுக்காக இன்னொரு முறை இரத்தம் எடுக்க வேண்டாம்.

4. நோயாளியால் “மாட்டேன்” என்று சொல்ல முடியுமா?

வாரம் மூன்று முறை தன் கையில் ஊசி போடுகிற சிஸ்டர் வந்து, “அண்ணா, இதிலே ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றால் எத்தனை பேரால் மறுக்க முடியும்? மறுத்தால் அடுத்த முறை முகம் மாறுமோ என்ற பயம் இருக்கும். இலவசமாகவோ சலுகையிலோ சிகிச்சை பெறுகிறவருக்கு அந்தப் பயம் இரட்டிப்பாகும். ஆகவே சம்மதம் கேட்பவர் அவருக்குச் சிகிச்சை செய்பவராக இல்லாமல் வேறொருவராக இருப்பது நல்லது. சம்மதத் தாள் நோயாளி படிக்கும் தமிழில் இருக்க வேண்டும். எழுத்து தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை குறையாது என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மனிதர்களை உட்படுத்தும் ஆராய்ச்சியை நெறிமுறைக் குழு ஒன்று முன்கூட்டியே பார்த்து அனுமதிக்க வேண்டும். அதன் தலைவர் அந்த மருத்துவமனையைச் சேராதவராக இருக்க வேண்டும். மருத்துவம் படிக்காத பொதுமனிதர் ஒருவரும் அதில் இடம்பெற வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதிக்கும் முன் ஒரு ரூபாயும் விடுவிக்கக்கூடாது. சிகிச்சை முறைகளை ஒப்பிடும் ஆய்வு என்றால், 2007 முதல் நடந்துவரும் இந்திய மருத்துவப் பரிசோதனைகள் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். அதை யாரும் பார்க்கலாம். முன்கூட்டியே பதிந்துவிட்டால், விரும்பிய முடிவு வராதபோது கேள்வியை மாற்றிக்கொள்வது கடினம்.

5. “பயனில்லை” என்ற விடையும் விடையே

கொடுப்போர் பலருக்கு ஒரு மனக்குறை உண்டு: “இவ்வளவு செலவு செய்து பயனில்லை என்று வந்தால்?” கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 84 டயாலிசிஸ் மையங்கள் ஒரு ஆராய்ச்சியில் சேர்ந்தன. 15,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் உட்பட்டார்கள். டயாலிசிஸ் திரவத்தின் வெப்பத்தைச் சற்றுக் குறைத்தால் இருதய நோயும் மரணமும் குறையும் என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. 2022-ல் வந்த முடிவு: அப்படிக் குறையவில்லை. குளிர் தாங்கவில்லை என்று சொன்ன நோயாளிகளே கூடியிருந்தார்கள். எத்தனையோ பேர் வீணாக நடுங்காதபடிக்கு அந்த விடை காத்தது. மைய வாரியாகச் சீட்டுப் போட்டு, முறையாகச் செய்ததால்தான் அந்த “இல்லை”யை நம்ப முடிந்தது. ஆகவே வெற்றி வரும் என்ற வாக்குறுதியைக் கேட்காதீர்கள். எந்த விடை வந்தாலும் அதை வெளியிடுவோம் என்ற வாக்குறுதியைக் கேளுங்கள்.

6. குழுவில் உட்காரும்போது

சிறுநீரக சிகிச்சையின் வரலாற்றில் மருத்துவர் அல்லாதவர்கள் உட்கார்ந்த குழு ஒன்று பெயர் பெற்றது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டயாலிசிஸ் இயந்திரங்கள் சிலவே இருந்தன, நோயாளிகள் அநேகர். யாருக்கு இடம் என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. அதில் ஒரு போதகர், ஒரு வழக்கறிஞர், ஒரு குடும்பத் தலைவி, ஒரு வங்கியாளர், ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு அரசு அலுவலர், ஒரு அறுவை மருத்துவர் இருந்தார்கள். அவர்கள் நோயாளியின் வருமானம், தொழில், படிப்பு, குடும்பம் ஆகியவற்றைப் பார்த்தார்கள். 1962-ல் ஒரு பத்திரிகை இதை வெளியிட்டபோது பெரும் விவாதம் எழுந்தது. உயிருக்குத் தகுதியானவர் யார் என்று மனிதன் மனிதனை எடைபோடலாமா என்று கேட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1972-ல், டயாலிசிஸ் தேவைப்படும் பெரும்பாலானோருக்கும் அரசே செலவை ஏற்கும் சட்டம் அங்கே வந்தது.

அந்த ஏழு பேரும் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட கேள்விதான் தவறானது. நம் குழு மனிதரை எடைபோடக்கூடாது, திட்டத்தையே எடைபோட வேண்டும். “நம்ம சபைப் பெண்தானே, கொடுத்துவிடலாம்” என்பதும், “அந்த ஊர்க்காரியா?” என்பதும் அதே பழைய தவறின் பிள்ளைகள். ஆகையால் நாம் கடைப்பிடிக்க வேண்டியவை நான்கு:

விண்ணப்பதாரர் உறவினரோ நெருங்கியவரோ என்றால், அதைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும்.

ஒவ்வொருவரும் வீட்டிலேயே படித்து மதிப்பெண் எழுதிக்கொண்டு வர வேண்டும். கூட்டத்தில் பெரியவர் ஒருவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர் பேனா அவர் பக்கமே சாயும்.

மூன்று தலைப்புகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும். அழகான எழுத்து பலவீனமான முறையை மறைத்துவிடக்கூடாது.

மறுக்கும்போது காரணத்தை அன்போடு எழுதி அனுப்ப வேண்டும். இன்று திருப்பி அனுப்பிய செவிலியர் அடுத்த வருடம் நல்ல திட்டத்தோடு வரலாம்.

7. நம் தீர்ப்பு

மாதிரி விண்ணப்பத்துக்கு என்ன சொல்லலாம்? “கேள்வி அருமையானது. ஷிப்டு வாரியாகச் சீட்டுப் போட்டு ஒப்பிடுங்கள். எண்ணிக்கையைக் கணக்கிட்டு, தேவையானால் இன்னொரு மருத்துவமனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் இரத்தப் பரிசோதனையையும் மடிக்கணினியையும் விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் பதில் செவிலியருக்குச் சம்பளம் போடுங்கள். சம்மதம் கேட்க வேறொருவரை நியமியுங்கள். இவற்றைத் திருத்தி அனுப்பினால் மகிழ்ச்சியோடு உதவுவோம்” என்று எழுதலாம். இதில் எதையும் சொல்ல மருத்துவப் படிப்பு தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தேவைப்பட்டது பொறுமையும், நோயாளியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும் மனதும். நல்ல உக்கிராணக்காரனிடம் எதிர்பார்க்கப்படுவதும் இதுவே.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. நான்கு லட்சம் ரூபாயை நேரே டயாலிசிஸுக்குக் கொடுப்பதா, இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா? இரு பக்கமும் என்ன சொல்லலாம்?

2. உங்கள் வீட்டில் ஒரு நாள் சமையலில் எவ்வளவு உப்பு சேர்கிறது என்று அளந்து பாருங்கள். அதைக் குறைக்கச் சொன்னால் எது மிகக் கடினமாக இருக்கும்? ஒரு நல்ல அட்டையில் என்னென்ன இருக்க வேண்டும்?

3. உதவி பெறுகிறவர் தயக்கமின்றி “வேண்டாம்” என்று சொல்லக்கூடிய சூழ்நிலையை நாம் நடத்தும் மற்ற உதவிப் பணிகளில் உண்டாக்கியிருக்கிறோமா?